வாசலைப் பார்த்த அரை மேசை

ரெஜினா அக்கா செத்துப்போன செய்தி வந்தபோது ராணிப்பேட்டையில் ஓர் ஓட்டலில் தனியாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். மதியக் கூட்டம். இடத்துக்காக ஓர் ஆள் என் நாற்காலிக்குப் பின்னால் நின்றிருந்தான். அவன் மூச்சு என் கழுத்தில் பட்டது. அக்காவின் தங்கை மேரி போனில், "எங்கக்கா பூட்டா மேடம். காலைல பூட்டா" என்றாள். நாற்காலியை முழுப் பலத்தோடு பின்னால் தள்ளினேன். அது அவன் முட்டியில் இடித்தது. "கண்ணு தெரியலையா?" என்று கத்தினான். "சாப்பிடுறவ முதுகுல வந்து நிக்கிறியே, வெக்கமா இல்ல?" என்று நானும் கத்தினேன். சோற்றுக் கையோடு தெருவில் வந்து நின்ற பிறகுதான் அழுகை வந்தது.

அக்கா நடத்திய கவரைப்பேட்டை மெஸ்ஸில் சாப்பிட்டிருக்கிற உங்களுக்கு அந்த நாற்காலியை நான் ஏன் தள்ளினேன் என்று புரியும். வால்வு விற்க வந்தவர்கள், கம்ப்ரஸர் பழுது பார்க்க வந்தவர்கள், எல்லோரும் அந்தத் தகரக் கூரைக்குக் கீழே தனியாக உட்கார்ந்து சாப்பிட்டவர்கள்தான். நான் வெல்டிங் சோதிப்பவள். கும்மிடிப்பூண்டித் தொழிற்சாலைகளில் செய்யும் கொதிகலன்களின் இணைப்புகளை எக்ஸ்ரே படத்தில் பார்த்து, தேறியது, தேறாதது என்று கையெழுத்துப் போடுவது என் பிழைப்பு. திருச்சியிலிருந்து மாதம் நான்கு நாள் வருவேன். ஹைவே ஓட்டல்களில் "எத்தன பேரு?" என்பார்கள். "ஒருத்தர்" என்றால் என் தோளுக்குப் பின்னால் எட்டிப் பார்ப்பார்கள். கழிப்பறை ஓரம் இடம் தருவார்கள், இல்லாவிட்டால் முன்பின் தெரியாத நாலு ஆண்களுக்கு நடுவே செருகுவார்கள். பல நாள் பிஸ்கட்டோடு லாட்ஜ் அறையில் படுத்திருக்கிறேன்.

முதல் நாள் மெஸ்ஸுக்குப் போனபோது ஷிஃப்ட் விடும் நேரம். பாதி சாப்பாட்டில் இருந்தேன், பின்னால் இரண்டு பேர் வந்து நின்றார்கள். நான் அவசரமாக விழுங்கத் தொடங்கினேன். பளாரென்று ஒரு சத்தம். அக்கா சோற்றுக் கரண்டியால் ஒருவன் தோளில் போட்டிருந்தாள். "சாப்புடுறவ முதுகாண்ட நின்னுக்கினு இன்னாடா பாக்குற? வெளில போய் நில்லு." சட்டையில் சோறு ஒட்டிக்கொண்டிருக்க, அவன் சிரித்துக்கொண்டே போனான். வாடிக்கையாக அடி வாங்குகிறவன் போலிருக்கிறது.

அடுத்த மாதம் போனால் ஒரு புது மேசை. புதிது இல்லை, நாலு பேர் உட்காரும் பழைய மேசையை அவளே ரம்பத்தால் நடுவில் அறுத்திருந்தாள். அறுத்த விளிம்பில் சிராய் நீட்டிக்கொண்டிருந்தது. நாற்காலியின் முதுகைச் சுவரோடு ஒட்டி, முகம் வாசலைப் பார்க்கும்படி போட்டிருந்தாள். "தனியா துன்றவங்க வாசல பாத்துதான் ஒக்காரணும் மேடம். வர்றது ஆளா நாயான்னு தெரிய வேணாம்?" என்றாள். அப்படியும் நான் குனிந்தே சாப்பிடுவேன். தனியாகச் சாப்பிடும் பெண்ணுக்கு அது பழகிப்போகும். யார் கண்ணும் படாமல் முடித்துவிட்டு எழ வேண்டும். அக்கா கரண்டியின் காம்பால் என் மோவாயை நிமிர்த்துவாள். "தலைய தூக்கு. இலைல இன்னா படமா ஓடுது?"

ஒரு முறை லாரி டிரைவர் ஒருவன் நான் சாப்பிடுவதை போனில் படம் பிடித்தான். அக்கா அதைப் பிடுங்கி, கொதித்துக்கொண்டிருந்த வடிகஞ்சி அண்டாவில் போட்டாள். அவன் அடிக்கக் கை ஓங்கினான். அண்டாவின் மறு பக்கத்தில் நின்று, "வா நைனா, நீயே எறங்கி எட்துக்கோ" என்றாள். அவன் போன பிறகு என்னிடம், "சாம்பார்லதான் போட்ருப்பேன். சாம்பார் வீணாப் பூடும்" என்றாள்.

இனி வருவதுதான் நான் எழுத உட்கார்ந்ததற்குக் காரணம்.

பாபு என்று ஒரு வெல்டிங் ஒப்பந்தக்காரன். ஒரே எக்ஸ்ரே படத்தைப் பதினோரு இணைப்புகளுக்கும் காட்டினான். நான் பதினொன்றையும் தள்ளினேன். அவன் வேலை போயிற்று. மறுநாள் பிற்பகல் மூன்று மணி. மெஸ்ஸில் நான் மட்டும் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். மேரி பின்பக்கக் குழாயடியில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள். பாபு உள்ளே வந்தான். நேரே என் மேசைக்கு வந்து, சோற்றில் கையை விட்டு அளைந்தான். "கையெழுத்து போடுற கைதான இது, துன்னு பாப்போம்" என்று அந்த விரல்களாலேயே என் மணிக்கட்டைப் பிடித்து முறுக்கினான்.

அக்கா சொம்பு நிறையக் கொதிகஞ்சியை மொண்டு வந்து அவன் கையில் ஊற்றினாள். அலறிக்கொண்டு விட்டவன், வாசலோரம் கறி வெட்டும் கட்டையில் கிடந்த கத்தியை எடுத்து அவள் தலைக்கு வீசினான். அவள் வலது கையைக் குறுக்கே கொடுத்தாள். இரண்டு விரல்கள் போயின. ஒன்று தண்ணீர் டிரம்முக்கு அடியில் உருண்டது. இடது கையில் கரண்டியை எடுத்து அவன் முகத்திலும் காதிலும் மாறி மாறி அடித்தாள். அடித்துக்கொண்டே என் பக்கம் திரும்பாமல் சொன்னாள்: "மூஞ்ச பாத்துக்கோ மேடம். நல்லா பாத்துக்கோ."

பார்த்தேன். இன்றைக்கும் அவன் கடைவாய்ப் பல் வரைக்கும் நினைவிருக்கிறது.

என் துப்பட்டாவை அக்காவின் கையில் சுற்றி, ஷேர் ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனேன். அன்று சாயங்காலம் தெரியாத எண்ணிலிருந்து போன். "மேடம், பதினாலாம் நம்பர் ரூம்ல ஃபேன் நல்லா சுத்துதா?" அவ்வளவுதான், வைத்துவிட்டான். அது லாட்ஜில் என் அறை எண். திருச்சி அலுவலகத்தில், "நமக்கு ஏன் மேடம் கோர்ட்டு வம்பு" என்றார்கள். காலையில் ஆஸ்பத்திரி வராந்தாவில் போலீஸ்காரர் கேட்டபோது நான் சொன்னது இதுதான்: "யாரோ வந்தாங்க, சத்தம் கேட்டுது. நான் இலையப் பார்த்து சாப்பிட்டுட்டு இருந்தேன். முகத்தப் பார்க்கல." கையெழுத்தும் போட்டேன். பதினோரு இணைப்பைத் தள்ளிய அதே கை.

அக்கா சொன்ன பேரை வைத்துப் பிடித்தபோது, தான் அங்கே வரவே இல்லை, அந்த அம்மா தன் கத்தியாலேயே வெட்டிக்கொண்டது என்றான் பாபு. மேரி ஓடி வந்தபோது அவன் போய்விட்டிருந்தான். பார்த்தவள் நான் ஒருத்திதான். ஜாமீனில் வந்து ரயில்வே கேட் பக்கம் டீ குடித்துக்கொண்டிருந்தான்.

அடுத்த மாதம் மெஸ்ஸுக்குப் போனேன். அக்கா கட்டுப் போட்ட கையோடு குழம்பு தாளித்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் வந்து, இடது கையால் அரை மேசையை இழுத்துத் திருப்பிச் சுவரோடு மோதினாள். காரை உதிர்ந்தது. "செவுத்த பாத்து துன்னு மேடம். ஒனக்குத்தான் மூஞ்சியே தெரியாதே" என்றாள்.

உட்கார்ந்து தின்றேன். மீன் குழம்பு, அப்பளம், இரண்டாம் முறை ரசம், எதிலும் குறை வைக்கவில்லை அவள். ஆனால் ஷிஃப்ட் விட்டவர்கள் என் முதுகில் வந்து நின்றார்கள், அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள், கரண்டி எழவில்லை. அவள் என்னைச் செருப்பால் அடித்திருக்கலாம். நான்கு மாதம் அந்தச் சுவரைப் பார்த்துச் சாப்பிட்டேன். வேறு கடைக்குப் போயிருக்கலாமே என்பீர்கள். போக மனம் வரவில்லை. இதுகூட இல்லாமல் போனால் நான் மனுஷியே இல்லை என்று தோன்றியது.

அவளுக்குச் சர்க்கரை. ஈரக் கையோடு நாள் முழுக்க வேலை, புண் ஆறவே இல்லை. கடைசி மாதம் முழங்கை வரை வீங்கி, காய்ச்சலில் கண் சிவந்திருந்தாள். "வாங்கக்கா, ஆஸ்பத்திரிக்குப் போவோம், நான் கூட வர்றேன்" என்றேன். அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "மொதல்ல நீ போலீஸ் ஸ்டேஷனுக்கு போய்க்கினு வா. அப்பால ஒங்கூட வர்றேன்." நான் தலையைக் குனிந்துகொண்டேன். மாலை ரயிலில் ஊருக்குப் போய்விட்டேன். அதுதான் கடைசி. பிறகு மேரிதான் ஆஸ்பத்திரியில் சேர்த்தாள். கையை எடுத்தார்கள், விஷம் உடம்பெல்லாம் ஏறிவிட்டது.

கல்லறையில் உங்களில் சிலரைப் பார்த்தேன். யாரிடமும் பேச எனக்கு யோக்கியதை இல்லை. மண் தள்ளி முடித்ததும் மெஸ்ஸுக்குப் போனேன். மேரியும் பின்னாலேயே வந்தாள். மேசை சுவரைப் பார்த்தபடியே கிடந்தது. இரண்டு கையாலும் இழுத்துத் திருப்பினேன். சிராய் உள்ளங்கையில் ஏறியது. மேரி கேட்டாள், "இப்ப இன்னாத்துக்கு மேடம் அது?" முகத்தைப் பார்த்தேன், அதை எழுதிக் கொடுக்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டு ஸ்டேஷனுக்குப் போனேன்.

ஸ்டேஷனில் எழுத்தர் பழைய வாக்குமூலத்தை எடுத்துப் படித்தார். "இலையப் பாத்துக்கினு இருந்தேன்னு சொல்லிக்கிறீங்களே."

"பொய் சொன்னேன். அந்த நாற்காலி வாசலைப் பார்த்திருந்தது. வந்து பாருங்க. அதுல உட்கார்ந்தா வர்றவன் முகம் தெரியாமப் போகாது."

"பொய் சாட்சின்னு ஒங்க மேலயே கேஸு வரும்மா."

"வரட்டும். எழுதுங்க."

பெயரைச் சொன்னேன், கொதிகஞ்சி பட்ட கை எது என்று சொன்னேன், அவன் பேசிய வார்த்தைகளை ஒன்றுவிடாமல் சொன்னேன். எழுதி முடிக்க ஒரு மணி நேரம் ஆனது. அந்த ஒரு மணி நேரத்தை ஐந்து மாதத்துக்கு முன்னால் கொடுத்திருந்தால் அவன் உள்ளே இருந்திருப்பான். அவள் என்னோடு ஆஸ்பத்திரிக்கு வந்திருப்பாள்.

போன வாரம் மெஸ்ஸில் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது இன்னும் ஜாமீனில் திரியும் பாபு வாசலில் வந்து நின்றான். மேரி கரண்டியை எடுத்துக்கொண்டு என் பக்கத்தில் வந்தாள். கையில் எடுத்த சோற்றை இலையில் வைத்தேன். அக்காவிடமிருந்து எனக்கு மிஞ்சியிருப்பது அறுத்த விளிம்புள்ள அரை மேசையும், உள்ளங்கையில் ஒரு சிராய்த் தழும்பும், நிமிர்ந்த மோவாயும்தான். அவன் திரும்பிப் போகிற வரைக்கும் அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.