சேராங்கொட்டையும் தாய்மாமன் மடியும்

எச்சில் தொட்டுப் பக்கம் புரட்டும் பழக்கத்தால் ஐம்பத்திரண்டாவது வயதில் மூஞ்சி வீங்கிக் கிடந்தவன் நான். விரலில் இருந்தது விஷம் என்று தெரியாமல் நடந்திருந்தால் கொஞ்சம் அனுதாபமாவது கிடைத்திருக்கும். கடைக்காரர் சொல்லித்தான் கொடுத்தார். அதற்கு முன்பே நான் படித்தும் இருந்தேன்.

மறதியில்தான் எல்லாம் தொடங்கியது. அனுமந்தன்பட்டியில் ஒரு நண்பர் வீட்டுப் பதினாறாம் நாள் காரியத்துக்குப் போனவன், பந்தியில் இரண்டாம் முறை ரசம் வாங்கிக்கொண்டு, "அண்ணனை எங்க ஆளையே காணோம்?" என்று கேட்டுவிட்டேன். நண்பரின் அண்ணன் எதிர்ச் சுவரில் மாலை போட்ட படமாக இருந்தார். மறுவாரமே என் மனைவி தேனியில் ஒரு ஹோமியோபதி டாக்டரிடம் என்னைக் கூட்டிப் போய்விட்டாள்.

பலசரக்குக் கடைக்கு மேல் மாடியில் கிளினிக். படியேறுகிற எல்லோரும் மிளகாய் வற்றல் நெடியில் தும்மிக்கொண்டேதான் உள்ளே நுழைவார்கள். அதனால், தும்மல் உங்களுடையதா கடையுடையதா என்று முதலில் கேட்டுக்கொள்வது டாக்டரின் வழக்கம். அதற்குப் பிறகு வந்த கேள்விகள் எனக்குப் புதிது.

"ஒரு மனசு செய்யச் சொல்லுது, இன்னொரு மனசு வேணாங்குது. அப்படி இருக்கா சார்?"

"எங்க வீட்ல அந்த ரெண்டாவது மனசு நாந்தான் டாக்டர்" என்றாள் மனைவி.

"திடீர்னு கெட்ட வார்த்தை வாயில வருமா?"

"கரண்டு போனா வரும்."

"சாப்பிட்ட உடனே தெம்பா, தெளிவா ஆயிருவாரா?"

"அந்த ஒண்ணுலதான் டாக்டர் அவுகளுக்கு மறதியே கிடையாது."

டாக்டர் திருப்தியோடு தடிமனான புத்தகத்தை மூடினார். "அனகார்டியம்" என்றார். "வேற ஒண்ணுமில்ல சார், நம்ம சேராங்கொட்டைதான். முன்னாடி சலவைக்காரங்க எந்தத் துணி எந்த வீட்டுதுன்னு குறி போடுவாங்கல்ல, அந்தக் கொட்டை."

"அது விஷமாச்சே? பட்ட இடமெல்லாம் கொப்பளிச்சுப் போகுமே?"

"கொட்டை விஷந்தான். நான் குடுக்கிற உருண்டையில கொட்டை இருக்காது."

"அப்ப என்ன இருக்கும்?"

"படிச்சவுக எல்லாரும் இதைத்தான் கேக்கிறாக" என்று சிரித்தார். ஒரு துளிச் சாற்றை நூறு பங்காக நீர்க்க வைத்து, அதில் ஒரு துளியை எடுத்து மறுபடி நூறு பங்காக்கி, இப்படியே முப்பது தடவை செய்வார்களாம். கூடலூர்ப் பக்கம் முல்லைப் பெரியாற்றில் ஒரு துளியை விட்டுவிட்டு, வைகை அணையில் ஒரு டம்ளர் மோந்து குடித்தால்கூட இதைவிடக் கெட்டியாக இருக்குமே என்று என் கணக்கைச் சொன்னேன். "கணக்கு சரிதான் சார். காலையில நாலு, ராத்திரி நாலு. காப்பி குடிக்கக் கூடாது" என்றார்.

உருண்டைகள் இனிப்பாக இருந்தன. ஞாபகம் கூடியதா என்று எனக்குத் தெரியவில்லை. ஆனால் டாக்டர் சொன்னதில் ஒன்று மட்டும் மண்டையில் ஆணியடித்த மாதிரி நின்றுவிட்டது: சலவைக் குறி. எத்தனை வெள்ளாவி வைத்தாலும் போகாத மை. என் வீட்டிலிருந்து இரவல் போன புத்தகங்கள் பாதிக்கு மேல் திரும்பியதில்லை. முதல் பக்கத்தில் பேனாவால் என் பெயரை எழுதி வைத்தால், அந்தப் பக்கமே இல்லாமல் வேறு வீட்டு அலமாரியில் நிற்கிறது. அழிக்கவே முடியாத மையால் உள்ளே நாலு இடத்தில் குறி போட்டு வைத்தால் என்ன? இந்த யோசனை எனக்கு முன்னால் யாருக்கும் தோன்றவில்லையே என்று பெருமையாகக்கூட இருந்தது. ஏன் தோன்றவில்லை என்பது பிறகு விளங்கியது.

போடி பஜாரில் நாட்டுமருந்துக் கடைக்குப் போய் ஐந்து சேராங்கொட்டை கேட்டேன்.

"எதுக்கு சார்?"

"ஒரு ஆராய்ச்சி."

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "வெறுங்கையால தொட்றாதீக. கையில நல்லா தேங்காண்ணெய் தடவிக்கங்க. முக்கியமா மூஞ்சிப் பக்கம் கொண்டு போகாதீக. பெறகு எங்கடையச் சொல்லக் கூடாது" என்று இரண்டு தாளில் பொதிந்து கொடுத்தார். இதெல்லாம் எனக்குத் தெரியாதா என்பது போலத் தலையாட்டினேன்.

இந்த இடத்தில் என் தங்கையைப் பற்றிச் சொல்லவேண்டும். ஓடைப்பட்டியில் திராட்சைத் தோட்டக்காரர் வீட்டுக்கு வாழ்க்கைப்பட்டவள். கல்யாணமாகிப் பன்னிரண்டு வருஷம் கழித்துத்தான் அவளுக்கு ஒரு பெண் பிறந்தது. மூன்று வயதான அந்தக் குழந்தைக்கு வெள்ளிக்கிழமை குலதெய்வம் கோயிலில் மொட்டை போட்டுக் காதுகுத்து. தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் குத்துவார்கள். கூடப் பிறந்த அண்ணன் நான் ஒருவன்தான். அதற்கு முந்திய ஞாயிற்றுக்கிழமை மனைவி அந்த வேலைகளுக்காக ஓடைப்பட்டி போயிருந்தாள். ரெண்டாவது மனசு வீட்டில் இல்லை.

கையில் தேங்காய் எண்ணெய் தடவினேன். எண்ணெய்க் கையால் புத்தகத்தைத் தொட்டால் தாள் கறைபடுமே என்று உடனே சோப்புப் போட்டுக் கழுவினேன். ஊசியால் கொட்டையைக் குத்த, கறுப்பாகப் பிசின் போல ஒரு பால் வந்தது. மகிழ்ச்சியாக இருபது புத்தகங்களுக்குக் குறி போட்டேன். நடுநடுவே பக்கம் ஒட்டிக்கொண்டால், வழக்கம் போல விரலை நாக்கில் தொட்டுத் தொட்டுப் புரட்டினேன். கண்ணாடியையும் ஐந்தாறு தடவை ஏற்றி விட்டிருப்பேன்.

திங்கட்கிழமை சாயங்காலம் அரிப்பு எடுத்தது. செவ்வாய்க்கிழமை காலையில் கண் திறக்கவில்லை. உதடு இரண்டும் குழிப்பணியாரம் மாதிரி இருந்தன. ஊரிலிருந்து திரும்பிய மனைவி கதவைத் திறந்த என்னைப் பார்த்து, "யாருங்க நீங்க?" என்று கேட்டாள். விஷயத்தைக் கேட்டுவிட்டு அவள் சொன்னதை எழுத முடியாது. கெட்ட வார்த்தைக்கான உருண்டையை இரண்டு பேருக்கும் சேர்த்தே கொடுத்திருக்கலாம்.

தோல் டாக்டர் ஊசி போட்டு, களிம்பும் எழுதிக் கொடுத்தார்.

"வெள்ளிக்கிழமைக்குள்ள வத்திருமா டாக்டர்?" என்று மனைவி கேட்டாள்.

"எந்த வெள்ளிக்கிழமை?" என்றார் அவர்.

ஹோமியோபதி டாக்டர் செய்தி தெரிந்ததும் நோட்டும் பேனாவுமாக வீட்டுக்கே வந்துவிட்டார். என்னைப் பார்த்ததில் அவருக்கு அப்படி ஒரு சந்தோஷம். "புத்தகத்துல உள்ளது அப்படியே இருக்கு சார்! எந்தப் பக்கம் முதல்ல வீங்குச்சு? அரிப்பு சூட்டுல கூடுதா, குளிர்ச்சியிலயா?" எல்லாவற்றையும் எழுதிக்கொண்டு ஒரு குப்பியை நீட்டினார். லேபிளைப் படிக்கச் சொன்னேன். அதே அனகார்டியம். பொட்டென்சி மட்டும் கூட்டியிருக்கிறாராம், அதாவது இன்னும் நீர்க்க வைத்தது. உள்ளே ஒன்றுமே இல்லை என்று முந்தின வாரம் நான் கணக்குப் போட்டுக் காட்டிய மருந்தை இப்போது இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டேன்.

அன்று மாலை தங்கை போனில் கூப்பிட்டாள். அழவில்லை, அழுதிருந்தால் தேவலை.

"அண்ணே, எனக்குச் சீரு வேணாம், ஒண்ணும் வேணாம். நீ வந்து உக்காந்தாப் போதும். பன்னண்டு வருசமா இங்கன நான் என்னென்ன பேச்சுக் கேட்டேன்னு ஒனக்குத் தெரியும். எம்புள்ளைய எங்கண்ணன் மடியில வச்சு இவுக எல்லாரும் பாக்கணும்."

"வந்துர்றேன்" என்றேன். உதடு ஒத்துழைக்காததால் அது வேறு எதுவோ போல ஒலித்தது.

ஆண்டிபட்டியில் இருக்கும் எங்கள் பெரியப்பா மகனுக்கும் செய்தி போயிருந்தது. "அவனுக்கு முடியலேன்னா நான் உக்காந்துக்கிறேன். எனக்கும் தங்கச்சிதான?" என்றானாம். பட்டுச் சட்டை எடுத்து, மீசைக்குச் சாயமும் அடித்துவிட்டானாம். அது போதாதென்று, புதன்கிழமை வீடியோ காலில் என் முகத்தைப் பார்த்த குழந்தை வீறிட்டுக் கத்தி, போனைத் தண்ணீர் வாளிக்குள் போட்டுவிட்டது. என்னால் போகமுடியுமா என்பது இனிக் கேள்வியில்லை. இந்த முகத்தோடு போனால் பிள்ளை மடியில் உட்காருமா என்பதுதான் கேள்வி.

வியாழக்கிழமை காலை தங்கையின் கணவர் பைக்கில் வந்து நின்றார். முன்பு பல வருஷம் மலைக்கு அந்தப் பக்கம் ஏலத் தோட்டங்களில் கங்காணியாக இருந்தவர். "ஊசியெல்லாம் இதுக்குக் கேக்காது மச்சான். ஏறுங்க" என்றார். கம்பம் தாண்டி, மலையடிவாரத்தில் ஒரு தான்றி மரத்தடியில் இறக்கிவிட்டார்.

"மூணு சுத்து சுத்துங்க. 'சேரு செஞ்சதைத் தான்றி பொறுக்கணும்'னு ஒவ்வொரு சுத்துக்கும் சொல்லுங்க. அங்கன எல்லாரும் இப்படித்தான் செய்வாக."

"கொட்டையை நோண்டினது நான். இந்த மரத்துக்கிட்ட எதுக்கு மாப்ள மன்னிப்புக் கேக்கணும்?"

"சேரா மரமும் தான்றியும் சொந்தக்காரக மச்சான். அண்ணன் கோவிச்சுக்கிட்டா தம்பியத்தான பிடிக்கணும்?"

பகுத்தறிவு பற்றி மேடையில் இரண்டு முறை பேசியவன் நான். சுற்றினேன். திராட்சை அறுப்புக்குப் பெண்களை ஏற்றிப்போன ஒரு வண்டி அந்த வழியாக மெதுவானது. "ஏலே, யாருலே அது, திஷ்டிப் பூசணிக்கு வேட்டி கட்டி நடக்க விட்டிருக்கது?" என்று ஒரு குரல் கேட்டது. மூன்றாவது சுற்றைக் கொஞ்சம் வேகமாக முடித்தேன்.

வெள்ளிக்கிழமை கண் பாதி திறந்தது, அவ்வளவுதான் முன்னேற்றம். கோயிலுக்குப் போனால், பந்தலில் மணைப்பலகை மேல் பட்டுச் சட்டையோடு பெரியப்பா மகன் உட்கார்ந்திருந்தான். தங்கை நேரே அவனிடம் போய், "எந்திரிண்ணே, எங்கண்ணன் வந்துருச்சு" என்றாள். கூட்டம் என் முகத்தை எட்டி எட்டிப் பார்த்தது. அவளுடைய மாமியார் பக்கத்திலிருந்தவரிடம் ஏதோ முணுமுணுத்தார்.

காது குத்த வந்த ஆசாரிதான் வழி சொன்னார். "பிள்ளை எப்படியும் முன்னாடி பாத்துத்தான உக்காரப் போகுது? மாமன் தலையில துண்டைப் போட்டுக் குனிஞ்சுக்கட்டும். பின்பக்கமாக் கொண்டாந்து வைங்க."

அப்படியே வைத்தார்கள். சந்தனம் பூசிய மொட்டைத் தலை என் மோவாய்க்குக் கீழே இருந்தது. "யாரும்மா இது?" என்றது குழந்தை. "மாமன்டா தங்கம்" என்றாள் தங்கை. முதல் காதில் ஊசி இறங்கியதும் ஒரு அலறல். அலறிக்கொண்டே திரும்பியது, துண்டு விலகியது, என் முகம் ஒரு சாண் தூரத்தில். அலறல் பாதியில் நின்றுபோனது. வாயைத் திறந்தபடியே பார்த்தது. பிறகு ஒரு விரலை நீட்டி என் வீங்கிய இமையைத் தொட்டு, "வலிக்குதா?" என்று கேட்டது. நான் பதில் சொல்வதற்குள் ஆசாரி இரண்டாவது காதையும் முடித்துவிட்டார்.

"இத்தனை வருசத்துல ரெண்டாங்காதுக்கு அழுகாத பிள்ளைய இன்னைக்குத்தான் பாக்கிறேன். இந்த மாமனை வாடகைக்கு விடுவீகளா?" என்றார். தங்கை சிரித்தாள். சிரித்துக்கொண்டே முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். பிள்ளையை என் மடியிலேயே வைத்து, மாமியார் வீட்டுச் சனம் முழுக்க வரிசையாக வந்து திருநீறு பூசும்வரை எடுக்கவிடவில்லை.

வீக்கம் வற்ற மேலும் பத்து நாள் ஆனது. ஊசிதான் காரணம் என்றார் தோல் டாக்டர். அனகார்டியம் என்றார் ஹோமியோபதி டாக்டர், எங்கோ ஒரு கூட்டத்தில் என் கேஸைப் படிக்கப் போவதாகவும் சொன்னார். மாப்பிள்ளை தான்றி மரம் இருக்கும் திசையைப் பார்த்துக் கும்பிட்டார். நான் மூவருக்கும் நன்றி சொன்னேன்.

ஒரு மாதம் கழித்து ஓடைப்பட்டி போயிருந்தேன். காதுகுத்து ஆல்பம் வந்திருந்தது. மூட்டுவலியால் அன்று கோயிலுக்கு வரமுடியாமல் போன மாப்பிள்ளையின் சின்னம்மா கண்ணாடி போட்டுக்கொண்டு ஒவ்வொரு படமாகப் பார்த்தார். என் மடியில் குழந்தை உட்கார்ந்திருக்கும் பெரிய படம் வந்ததும் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்துவிட்டு, என் தங்கையிடம் இரக்கத்தோடு சொன்னார்:

"எல்லாம் நல்லாத்தான் இருக்கு ஆத்தா. அன்னைக்கு மாமன் வரமுடியாமப் போச்சாக்கும்? பாவம், யாரோ சீக்காளி மடியிலல்ல வச்சுக் குத்தியிருக்கீக."