பம்ப் அக்கா வைக்கும் பரீட்சை

"நாலு டயர்லயும் காத்தை இறக்குங்க. நீங்க ஆசைப்பட்ட மெஷினாலயே மறுபடி ஏத்துங்க. நான் டீ குடிச்சிட்டு வரேன்" என்று சொல்லிவிட்டு, டயருக்குக் காற்றேற்றும் மெஷின் விற்கும் பம்ப் அக்கா கடை நிழலில் நாற்காலியைப் போட்டுக்கொள்கிறார். வெயிலில் குனிந்து நிற்பவர் ஒரு பல் டாக்டர். மெஷினின் அட்டைப்பெட்டியில் காற்றழுத்தம் நூற்றைம்பது என்று பெரிதாகப் போட்டிருந்ததைப் பார்த்து மயங்கியவர். முதல் டயருக்கே பன்னிரண்டு நிமிடம். இன்னும் மூன்று பாக்கி.

"உங்க டயருக்கு முப்பத்தஞ்சு அழுத்தம் போதும் டாக்டர். நூத்தம்பதை வச்சு என்ன பண்ணப்போறீங்க? எவ்வளவு வேகமா காத்து வருதுன்னு பாக்க வேணாமா? வாய் பெருசா இருந்தாப் போதுமா, மூச்சு வேணாமா?"

மணல், சேறு என்று வண்டியை இறக்குகிறவர்கள்தான் அக்காவின் வாடிக்கையாளர்கள். மணலில் இறங்குமுன் டயரில் பாதிக் காற்றை விட்டுவிட வேண்டும். தார் ரோட்டுக்கு வந்ததும் திரும்ப ஏற்ற வேண்டும். ஏற்றுகிற மெஷின் நடுவழியில் மூச்சை விட்டுவிட்டால் அம்போதான். அதனால் பரீட்சை இல்லாமல் அக்கா எதையும் விற்பதில்லை.

வயது ஐம்பத்திரண்டு. குள்ளம். விலைப்பட்டியலைப் படிக்க மாட்டார். ஓடி நின்ற மெஷினைத் தூக்கி மூக்கருகே வைத்து முகர்வார். "பிளாஸ்டிக் வாடை வந்தா அது பொம்மை." பேட்டரியில் ஓடும், நட்டு கழற்றும் துப்பாக்கி ஒரு கம்பெனி, ரம்பம் இன்னொரு கம்பெனி என்று வாங்க வருகிறவர்களுக்குத் தனி அர்ச்சனை உண்டு. "பேட்டரி எல்லாத்துக்கும் ஒண்ணா இருக்கணும்யா. மூணு கம்பெனின்னா மூணு சம்பந்தி வீடு. ஒண்ணோட ஒண்ணு பேசாது!"

இந்த நாக்கு ஒரே ஒருவரிடம்தான் அடங்கும். அவர் மாப்பிள்ளை.

போன வருஷம் மாப்பிள்ளை வண்டிக்கூரையில் மாட்டிய கேரியரைப் பார்த்து, "இதுல துணிதான் காயப்போடலாம்" என்று அக்கா வாய்விட்டுவிட்டார். மனுஷர் இரண்டு மாதம் இந்தப் பக்கமே எட்டிப்பார்க்கவில்லை. பேத்தியைப் போனில்தான் கொஞ்ச முடிந்தது. அன்றிலிருந்து அக்கா வாய்க்குப் பூட்டு.

போன ஞாயிறு காலை, மூன்று நாள் மணல்காட்டுப் பயணம் கிளம்பி, சொல்லிக்கொண்டு போக, கடையை ஒட்டிய அக்காவின் வீட்டுக்கு வந்தார்கள். மாப்பிள்ளை, மகள், இரண்டு வயதுப் பேத்தி. போகிற இடத்தில் போன்கூட எடுக்காது. மாப்பிள்ளை டிக்கியைத் திறந்து, உள்ளங்கை அளவு மெஷின் ஒன்றைக் காட்டினார்.

"ஆன்லைன்ல எடுத்தேன் அத்தை. எவ்வளவு அடக்கமா இருக்கு பாருங்க!"

நாலு டயருக்குத் தாங்காத மெஷின் என்று அக்கா பார்த்ததுமே அளந்துவிட்டார். சின்னக் குழந்தையோடு மணலில் நின்றுவிட்டால்? சொன்னாலோ, முகம் சுண்டிவிடும்.

"நல்லா இருக்கு மாப்பிள்ளை. உள்ள வாங்க, காபி சாப்பிட்டுட்டுப் போகலாம்."

மாப்பிள்ளை காபியை ஆற்றிக் குடித்த நேரத்தில், மாமியார் வெளியே குந்தி உட்கார்ந்து நாலு டயர் காற்றையும் இறக்கிவிட்டார்.

"அம்மா, என்ன பண்ற நீ?" வாசலுக்கு வந்த மகள் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"உள்ள போய் உன் புருஷனுக்கு இன்னொரு காபி ஊத்து, போடி."

வெளியே வந்த மாப்பிள்ளை பதறிப்போனார். "அத்தை! எவனோ காத்தைப் புடுங்கிவிட்டுட்டான்!"

"அடப்பாவிகளா! வெளங்குவாங்களா!" அக்கா தன்னைத்தானே வாயாரத் திட்டினார். "போகட்டும், உங்ககிட்டதான் மெஷின் இருக்கே மாப்பிள்ளை."

ஒன்றரை டயர். அதோடு அந்த மெஷின் சூடேறி நின்றுவிட்டது. அரைமணி ஆறவைத்துப் போட்டால் முனகியது, மறுபடி நின்றது. சட்டை நனைந்து நிமிர்ந்த மாப்பிள்ளையின் கண், வண்டியின் பின்பம்பரில் விழுந்தது. அங்கே டயரின் காற்றுவாயை அடைக்கும் நாலு வால்வு மூடிகள், துடைத்து, வரிசையாக, வாய் மேலே பார்க்க அடுக்கி வைக்கப்பட்டிருந்தன. எந்தப் போக்கிரி இப்படி அடுக்குவான்? முப்பது வருஷக் கைப்பழக்கம் காட்டிக்கொடுத்துவிட்டது.

மாப்பிள்ளை மூடிகளைப் பார்த்தார். மாமியாரைப் பார்த்தார். அக்கா பார்வையைத் தரைக்கு இறக்கினார்.

"ஊரையே திட்டித் திட்டி விக்கிறீங்க. என்னையும் நாலு திட்டு திட்டியிருக்கலாமே அத்தை."

"திட்டினா நீங்க வரமாட்டீங்களே. குழந்தையைக் கண்ணுல காட்டமாட்டீங்க. எனக்குப் பயமா இருந்துச்சு மாப்பிள்ளை. வேற வழி தெரியல."

 மாப்பிள்ளை விறுவிறுவென்று கடைக்குள் போனார். அலமாரி முன் நின்று ஒரு மெஷினைத் தொட்டு, "இதுவா?" என்றார். அக்கா தலையாட்டி மறுத்தார். "அப்போ இது?" ம்ஹும். கீழ்த்தட்டில், இரட்டை உருளையோடு கனத்துக் கிடந்த மூன்றாவதைத் தொட்டதும் அக்காவின் முகம் மலர்ந்தது. வண்டி பேட்டரியில் நேராகக் கவ்வ வைத்து ஓட்டினார்கள். பத்தே நிமிடம், நாலு டயரும் கல்லுமாதிரி நின்றன.

வண்டி கிளம்பியது. மகள் கையாட்டினாள், பேத்தி கண்ணாடியில் மூக்கை அழுத்திக் கையாட்டினாள். அக்கா ஆட்டவில்லை. நடுத்தெருவில் இடுப்பை வளைத்து நின்று, உருளும் டயர்களையே முறைத்துக்கொண்டிருந்தார். வண்டி முனை திரும்பி மறைந்தது. அப்புறம்தான் நிமிர்ந்தார். கையை உயரத் தூக்கி, வெறும் தெருவைப் பார்த்து ஆட்டினார், ரொம்ப நேரம்.