கடைசிக் குழாயில் பிடித்த தண்ணீர்

ஆபரேட்டர் அக்காவுக்கு மூக்கு நுனியில் கோபம் என்று குடிநீர் நிலையத்தில் எல்லோரும் சொல்வார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும். கணவர் இறந்த பிறகு இந்த வேலைக்கு வந்து, பம்புச் சத்தத்தில் காது மந்தமாகி, தங்கையைப் படிக்கவைத்துக் கட்டிக்கொடுத்தவள். கோபம் இல்லாமல் இங்கே குப்பை கொட்ட முடியுமா?

இந்த மழைக்கு ஏரியில் இலை அழுகித் தண்ணீர் தேநீர் நிறத்தில் வந்தது. மெல்லிய குழல்களால் ஆன மெம்பரேன் வடிகட்டியில் வழவழவென்று பாசி பிடித்து அடைத்தது. நிறுத்திக் கழுவினால் ஊருக்கு ஒரு நாள் தண்ணீர் இருக்காது. மேனேஜர் குறுக்குவழி கண்டுபிடித்தார்: வடிகட்டிக்கு முன்னாலேயே குளோரினை அள்ளிவிடு, பாசி செத்துப்போகும்.

"சார், இலைக்கறையோட குளோரின் சேர்ந்தா வேண்டாததெல்லாம் உண்டாகும். அது தண்ணில கரைஞ்சு கிடக்கும், மெம்பரேன்ல நிக்காது. முதல்ல படிகாரம் போட்டுக் கறைய இறக்கணும், வடிகட்டின பிறகு அளவா குளோரின் விடணும்னு டிரெய்னிங்லயே சொன்னாங்களே!"

"தண்ணி பளபளன்னு இருக்கு. உனக்கு என்னம்மா பிரச்சினை?"

பளபளப்பாம், பெரிய பளபளப்பு! அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பரிசோதனைக்கு எப்போதும் நிலையத்து வாசல் குழாயில்தான் பிடிப்பார்கள். அந்த வேண்டாத பொருட்களோ குழாயில் ஓட ஓடக் கூடுபவை. அதனால் ஊர்க்கோடியில் இருந்த தங்கை வீட்டுக் குழாயில் ஒரு பாட்டில் பிடித்து ஆய்வகத்துக்கு அனுப்பினாள். அவற்றின் அளவு வரம்பைத் தாண்டியிருந்தது. மேனேஜர் அதைப் பார்த்துவிட்டு, "வெளிய மூச்சு விடாதே, ஜனங்க பயந்துடுவாங்க. நான் மேல பேசுறேன்" என்றார். ஒரு வாரம் பேசினார் பாருங்கள், அப்படிப் பேசினார்! குளோரின் மட்டும் குறையவில்லை.

கடைசியில் அவளே நிலையத்தை நிறுத்தி மெம்பரேனைக் கழுவ ஊறப்போட்டாள். மதியத்துக்குள் வாசலில் குடங்களோடு கூட்டம். வாய்க்கு வந்தபடி ஏசினார்கள். எல்லோருக்கும் முன்னால் நின்றது தங்கை, ஏழு மாத வயிற்றோடு.

"என்னக்கா அநியாயம் இது? இந்த வயித்தோட நான் எங்க போய் தண்ணி தூக்குவேன்?"

"அந்தத் தண்ணிய மாசக்கணக்கா குடிச்சா உடம்புக்கு ஆகாதுடி. உன் வீட்டுத் தண்ணியத்தான் டெஸ்ட் பண்ணேன்."

"எப்போ?"

"போன வாரம். வெளிய சொல்லாதன்னு மேனேஜர்தான்..."

தங்கை குடத்தைக் கீழே வைத்தாள்.

"நேத்துகூட எங்க வீட்ல உக்காந்து சாப்பிட்டியே. நான் சொம்பு சொம்பா குடிச்சத பாத்துக்கிட்டுத்தானே இருந்த? அந்த ஆளு ஊருக்குச் சொல்லாதன்னா, எனக்குமாக்கா சொல்லக்கூடாது?"

அக்கா குனிந்து அந்தக் குடத்தை எடுக்கக் கை நீட்டினாள்.

தங்கை கூட்டத்தின் பக்கம் திரும்பினாள். "வாங்க, மேனேஜர் ரூமுக்குப் போவோம்" என்றாள். அக்காவும் ஒரு அடி எடுத்து வைத்தாள்.

"நீ வர வேணாம்" என்றாள் தங்கை.