கனமானதைக் கேட்ட தாமு அண்ணன்

தல்லாகுளத்தில் சிக்னலுக்காக நின்றிருந்தபோது எங்கள் குழுவின் தபேலாக்காரர் முருகேசன் போன் செய்தார். "தாமு அண்ணே போயிட்டாரு தங்கச்சி." பச்சை விழுந்து, பின்னால் ஹாரன் அடித்தும் எனக்கு வண்டியை எடுக்கத் தோன்றவில்லை.

அவரோடு மேடையேறியவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். எங்கள் மெல்லிசைக் குழுவில் அவர் ரெசனேட்டர் கித்தார், அதாவது ஒலி பெருக உள்ளே உலோகக் கூம்பு வைத்த கித்தார், வாசித்தார். அதை மடியில் படுக்க வைத்து, இடக்கையில் பிடித்த எஃகுக் கட்டையைத் தந்திகள் மேல் வழுக்கிக்கொண்டே போவார். அந்தக் கட்டையைப் பார் என்போம். நான் பாடும்போது கூடுதலாக இழுத்தால் மேடையிலேயே முறைப்பார். "நீ பாடு, நான் பின்னாலயே வாரேன். அதுக்காக ஊரைச் சுத்தாதே" என்பார். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வரும்.

போன வருடம் வாதம் வந்து அவருக்கு இடப்பக்கம் தளர்ந்தது. நடை திரும்பியது, கையில் பலம் திரும்பவில்லை. "வாசிக்க முடியலேன்னா கித்தாரை வித்துருவேன். அதைச் சும்மா பாத்துக்கிட்டு உக்கார என்னால ஆகாது" என்றார். மனுஷர் சொன்னால் செய்துவிடுவார்.

ஆனையூரில் அவர் வீட்டுக்கு ஆளுக்கொரு பார் கொண்டு போனோம். பலமில்லாத கை அல்லவா, லேசானதாகவே தேடியிருந்தோம். முருகேசன் கண்ணாடிக் குழல் ஒன்று வாங்கி வந்தார். நான் ஒரு மருந்துப் பாட்டிலைக் கழுவிக் கொண்டுபோனேன். "ஏற்கெனவே முழுங்குற மருந்து பத்தாதா?" என்று சிரித்தார்.

ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்தார். கை நடுங்க, லேசான பாரும் சேர்ந்து துள்ளியது. தந்தி கரகரத்தது. பார் படிய வேண்டுமானால் அழுத்த வேண்டும். அழுத்தத்தான் அவருக்குப் பலமில்லை. அவர் மனைவி, எங்கள் மதினி, முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"எல்லாத்தையும் எடுங்கப்பா. இருக்கறதுலயே கனமானதா ஒண்ணு கொண்டாங்க."

"கை தாங்காதுங்க" என்றார் மதினி.

"கை ஏன் தாங்கணும்? தந்தி தாங்கட்டும். நான் நகத்துனாப் போதும்."

விரல் பதியப் பக்கவாட்டில் பள்ளம் வைத்த, அவருடைய பழையதைவிடக் கனமான எஃகுப் பாரை வரவழைத்தோம். தந்தியில் வைத்ததும் தன் கனத்திலேயே அது படிந்து நின்றது. மெதுவாக நகர்த்தினார். ஒரு சுரம் எழுந்து, நீண்டு, சுத்தமாக நின்றது. மதினி தேம்பிவிட்டார். "அழுறதை அப்புறம் வச்சுக்க. பிள்ளைகளுக்குக் காபி போடு" என்றார் அண்ணன்.

அதன் பிறகு திருமங்கலத்தில் ஒரு கல்யாண வரவேற்பில் எனக்கு வாசித்தார். ஒரே ஒரு பாட்டு. அவர் கையை நினைத்து வேகத்தைக் குறைத்துப் பாடினேன். வேனில் ஏறும்போது என்னை மடக்கினார்.

"எனக்காகவா மெதுவாப் பாடுனே? இனிமே அப்படிச் செய்யாதே தங்கச்சி. லேசாக் குடுத்தா எனக்குச் சுரம் நிக்காது."

அவர் போன அன்று வீட்டு வாசலில் பலரும் எனக்கு ஆறுதல் சொன்னார்கள். படுக்கையில் கிடக்காமல் போனார், மனதை லேசாக்கிக்கொள் என்றார்கள். முடியவில்லை, முடியவும் வேண்டாம். அண்ணனிடமிருந்து நான் வைத்துக்கொள்வது இந்தக் கனத்தைத்தான். ஞாயிற்றுக்கிழமை எங்களுக்குக் கச்சேரி இருக்கிறது. அவர் இடத்தில் யாரும் உட்காரப் போவதில்லை. திருமங்கலத்தில் பாடிய அந்தப் பாட்டைப் பாடுவேன், வேகத்தைக் குறைக்காமல்.