அறுபதைத் தாண்டிய மூச்சு

இதில் ஒரு வரிகூட நான் கூட்டிச் சொல்லவில்லை. நடந்தது எனக்கு. பெக்கலோங்கான் ஊரில், ஆற்றோரத்து வாடகை வீட்டில், என் மகன் பாயு பிறந்த பத்தொன்பதாம் நாள்.

பாயுவுக்குச் சளி பிடித்திருந்தது. பால் குடிக்கும்போது மூக்கடைத்து, பாதியில் விட்டுவிட்டு அழுதான். கணவர் வார்சோ லாரியோடு சுரபயா போயிருந்தார். மாலையில் மருத்துவச்சி ரத்மி அம்மா, எங்கள் பேச்சில் இபு ரத்மி, வந்து மூக்கில் இரண்டு சொட்டு உப்புநீர் விட்டார்.

"உன் வீட்டுக்காரன் மூக்கை அப்படியே உரிச்சு வச்சிருக்கான். இத்தனூண்டு ஓட்டை, அடைக்காம என்ன செய்யும்?" என்று சிரித்தவர், கிளம்பும்போது சிரிக்கவில்லை.

"இங்க பாரு தர்தி. அவன் தூங்கறப்ப ஒரு நிமிஷம் மூச்சை எண்ணு. அறுபதைத் தாண்டுச்சுன்னா எந்நேரமானாலும் போன் பண்ணு."

சின்ன வெங்காயம் நசுக்கிப்போட்ட எண்ணெயை அவன் உள்ளங்காலில் தடவி, கொசுவலைக்குள் என் பக்கத்தில் கிடத்தினேன். வெளியே நல்ல மழை.

பத்தரை மணி. எண்ணினேன். நாற்பத்தெட்டு.

பன்னிரண்டே கால். ஐம்பது. கொஞ்சம் கண்ணயர்ந்தேன்.

விழித்தபோது இரண்டு பத்து. மழை விட்டிருந்தது. மின்சாரம் இல்லை. போனில் நேரம் பார்த்துக்கொண்டே, காதால் கேட்டு எண்ணினேன். கர்ர்... கர்ர்...

தொண்ணூற்றேழு.

மறுபடி எண்ணினேன். தொண்ணூற்றொன்பது.

இபு ரத்மிக்கு அழைத்தேன். எடுக்கவில்லை. மூச்சுச் சத்தத்தை ஒரு நிமிடம் பதிவு செய்து அனுப்பினேன். அந்த ஒரு நிமிடமும் நான் வாயே திறக்கவில்லை. அசையக்கூட இல்லை. மணி இரண்டு பதினேழு.

பிறகுதான் அவன் நெஞ்சில் கை வைத்தேன். மெதுவாக ஏறி இறங்கியது. கையால் எண்ணினேன்.

நாற்பத்தொன்பது.

மூக்கருகே குனிந்தேன். மூச்சு சுத்தமாக வந்தது. அடைப்பே இல்லை.

ஆனால் கர்ர்... கர்ர்... இன்னும் கேட்டது.

என் முதுகுப் பக்கம்.

கொசுவலைக்கு வெளியே. கீழே, தரையில்.

ஏதோ ஒரு பச்சைப்பிள்ளை மூச்சுக்குத் திணறுகிறது. என்னைக் கேட்காமலே எனக்குப் பால் சுரந்து சட்டை நனைந்தது. பயம் அப்புறம்தான் வந்தது. முதலில் வந்தது, ஐயோ, அதைத் தூக்க வேண்டுமே என்ற எண்ணம். வலையை விலக்கி இருட்டுக்குள் கையை நீட்டிவிட்டேன்.

விரல் நுனியில் ஈரம்... சில்லென்று.

பாயு வீறிட்டான்.

வெடுக்கென்று கையை இழுத்தேன்.

சத்தம் நின்றது.

போனும் கையுமாக அவனை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வெறுங்காலோடு ஓடினேன். பக்கத்து வீட்டு சும்மி அக்கா கதவைத் திறந்ததும் என் வாயில் வந்தது ஒன்றுதான்: "தனியா இருக்கப் பயமா இருக்குக்கா."

ஐந்து மணி ஐந்து நிமிடத்துக்கு இபு ரத்மி அழைத்தார். குரலில் பதற்றம்.

"இப்பதான் கேட்டேன். உன் பிள்ளை மூச்சு நல்லாத்தான் இருக்கு. கூட ஒண்ணு கேக்குதே, அது யாரு பிள்ளை? அதை உடனே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போ!"

"என்கிட்ட ஒரே பிள்ளைதானே இபு..."

"வீட்ல வேற யாரு இருந்தா?"

"நானும் பாயுவும்தான்."

பதிவை மறுபடி ஒருமுறை ஓடவிட்டுவிட்டுக் கேட்டார்.

"அப்போ... கடைசியில பொம்பளைக் குரல் ஒண்ணு அந்தப் பிள்ளையைத் தேத்துதே, அது நீ இல்லையா?"

"நான் வாயே திறக்கல இபு. என்ன சொல்லுது?"

"'அழாதடா... கொஞ்சம் பொறு. இப்பக் கையை நீட்டுவா'ன்னு."