பாதை பூட்டச் சொல்லி உடைத்த தேங்காய்

முந்தாநாள் டெங்குச் சோதனைக்கு இரத்தம் கொடுக்கப் போயிருந்தேன். அங்கிருந்த பிள்ளை ஸ்பிரிட் பஞ்சால் விரலைத் துடைத்ததுதான் தாமதம், அந்த மணம் என்னை யுத்த காலத்து மட்டக்களப்பில், நான் வேலைசெய்த மலேரியாச் சோதனை அறைக்குள் கொண்டுபோய் விட்டுவிட்டது. ஜெசிந்தா மீதிருந்த எரிச்சலும் கூடவே வந்துவிட்டது, பாருங்கள்.

ஜெசிந்தா பக்கத்துக் கல்லடி ஊர்ப் பிள்ளை. இரத்தம் பூசிய கண்ணாடித் துண்டுகளைக் கழுவும் சிற்றூழியர்கள் நாங்கள் இருவரும். நான் அவளைவிட இரண்டு வருடம் மூப்பு. வேலையில் சொல்கிறேன், வயதைக் கேட்காதீர்கள். ஒரு நாள் கடிதம் வந்தது. மைக்கிறஸ்கோப்பில் கிருமி பார்க்கப் பழகுவதற்குக் கொழும்பில் மூன்று மாதப் பயிற்சி, ஒருவருக்கு மட்டும். பழகி வந்தால் வாளியை விட்டுவிட்டுக் கதிரையில் உட்காரலாம். டொக்டர் அவளைத்தான் தெரிவு செய்தார். இங்கிலீசு வாசிப்பாளாம். எனக்கு வயிறு பற்றி எரிந்தது.

சண்டையால் கொழும்புப் பாதை பூட்டுவதும் திறப்பதுமாக இருக்க, திறந்தே இருக்கவேண்டும் என்று ஊரே கும்பிட்டுக்கொண்டிருந்த காலம். பூட்டவேண்டும் என்று பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்தவள் நான் ஒருத்திதான். பிள்ளையாரும் கேட்டுவிட்டார்! அவள் ஏறிப்போன பஸ் பாதை பூட்டியதால் வாழைச்சேனையோடு திரும்பி, ஜெசிந்தா பெட்டியும் கையுமாக வந்து நின்றாள். சீனி வரத்தும் நின்றுபோயிற்று. வெறும் தேத்தண்ணீரை அவளுக்கு ஊற்றிக் கொடுத்து, "என்னகா செய்யிற, நம்மட தலைவிதி" என்றேன். உள்ளுக்குள்ளே எனக்குத் திருவிழா.

பத்தே நாளில் பாதை திறந்தது. போய்விட்டாள்.

திரும்பி வந்து கதிரையில் உட்கார்ந்த முதல் கிழமையே, "அக்கா, மத்தியானத்தில வாங்க, நான் பழக்கித் தாறன். அடுத்தமுறை உங்களத்தான் எடுப்பாங்க" என்றாள். நல்ல மனதோடுதான் சொன்னாள். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. "எனக்கு ஏலாகா, கண் நோகும்" என்றேன். இன்னொரு நாள், கிருமி தெளிவாகத் தெரிகிறது என்று எழும்பி எனக்கு இடம் விட்டாள்.

"ஒருக்காப் பாருங்கக்கா, வடிவா இரிக்கு."

"நீயே பார்த்துக் கும்பிடு" என்று வாளியைத் தூக்கிக்கொண்டு வெளியே போனேன். அவள் முகம் சுருங்கியது எனக்கு எவ்வளவு சுகமாக இருந்தது தெரியுமா?

அதன்பிறகு அவள் கூப்பிடவில்லை. பென்சன் வரைக்கும் கண்ணாடி கழுவினேன்.

இப்போது அந்த அறையை இடித்துவிட்டார்கள். மலேரியாவும் ஊரைவிட்டே போய்விட்டது. நல்லதுதான், யார் வேண்டாம் என்றது? எத்தனை ஆயிரம் கண்ணாடிகளில் அந்தக் கிருமியைக் கழுவி ஊற்றியிருப்பேன். அது எப்படி இருக்கும் என்று ஒரு நாளாவது குனிந்து பார்த்தேனில்லை.