ஜன்னலுக்கு வெளியே சொன்ன நோய்

சென்ற திங்கட்கிழமை எங்கள் தோட்டத்துப் பெரிய துரை சீமையிலிருந்து திரும்பினார். பேக்டரி வாசலில் தப்பு மேளம் முழங்கியது. வேலையை நிறுத்திவிட்டு எல்லோரும் வந்து நின்றார்கள். பெரிய கங்காணி மாலை போட்டார்.

"இப்ப சொகமுங்களா, தொரைகளே?"

"நல்ல சொகம்."

துரைக்கு நரம்புத் தளர்ச்சி. ஓய்வுக்காக ஆனியில் கப்பலேறியவர். இது தோட்டம் முழுக்கத் தெரியும். ஆனாலும் பேச்சு அதோடு முடிந்தது. கூட்டத்தின் கடைசியில், கையில் புல் சுரண்டியோடு சின்னையா நின்றிருந்தார்.

எதையும் கிழமையோடு சொன்னால்தான் எனக்குத் திருப்தி. ஆகவே... கடந்த மாசியில், சிவராத்திரிக்கு முந்திய புதன்கிழமைக்குப் போவோம்.

புதன் மாலை இங்கே ஆபீஸ் நாள். துரையிடம் எதைக் கேட்பதானாலும் தொழிலாளி அன்றுதான் வரலாம். உள்ளே வர முடியாது. ஜன்னலுக்கு வெளியே வரிசையில் நின்று கேட்க வேண்டும். முன்னால் நிற்பவர் சொல்வது பின்னால் நிற்கும் அத்தனை பேர் காதிலும் விழும். கூரைக்குத் தகரம் கேட்க வந்தவருக்கு இதில் ஒரு குறையும் இல்லை. சின்னையா கேட்க வந்தது வேறு.

அவர் கவ்வாத்துக்காரர். தேயிலைச் செடியைக் கத்தியால் வெட்டிக் கழிக்கும் வேலை. தைக்கு முன்பிருந்தே தூக்கமில்லை, சோறு இறங்கவில்லை. 'கண்டிக்குப் போய் மனநோய் டாக்டரைப் பார், சில வாரம் தங்க வேண்டி வரும்' என்று தோட்டத்து டிஸ்பென்சர் சொல்லிவிட்டார். லீவு இல்லாமல் போனால் வேலைப் பதிவிலிருந்து பேரை வெட்டிவிடுவார்கள். பேர் போனால் தோட்டம் கொடுத்த லயத்து வீடும் போகும். பெண்டாட்டி பிள்ளைகளை எங்கே வைப்பது?

ஆபீஸ் கிளாக்கர் என்ற முறையில் துரைக்குப் பக்கத்தில் நான் இருந்தேன்.

"என்னா? காய்ச்சலா?" என்றார் துரை, தமக்குத் தெரிந்த தமிழில்.

"இல்லீங்க தொரைகளே... மனசு சரியில்லீங்க. கண்டியில போயி வைத்தியம் பாக்கணும்."

"மச்சானுக்குக் கள்ளு பத்தல போல!" என்றது வரிசையில் ஒரு குரல். சிரிப்பு.

"மனசா? எனக்கும்தான் சரி இல்லே. போ, வேலை செய். சரியாப் போகும்."

மறுபடியும் சிரிப்பு. இந்தத் தடவை துரைக்காக.

சின்னையா திரும்பிவிட்டார். கூட வந்த அவர் மனைவி பாக்கியம் நகரவில்லை. ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

"தொரைகளே, பொழுது சாஞ்சா இவரு கவ்வாத்துக் கத்திய என் கையில குடுத்து, 'எனக்குத் தெரியாத எடத்துல ஒளிச்சு வையி புள்ள, என்னையவே ஏதாச்சும் பண்ணிக்குவேன்'னு அழுவுறாருங்க. விடிஞ்சா நான்தான் எடுத்துக் குடுக்குறேன். இன்னும் எத்தன நாளைக்குங்க ஒளிப்பேன்?"

யாரும் சிரிக்கவில்லை. துரை பேனாவை மூடி வைத்தார். லீவு கிடைத்தது.

சித்திரை கழிந்து சின்னையா சுகமாகத் திரும்பினார். முகம் தெளிந்திருந்தது, தூங்கியெழுந்த மனிதனின் முகம். காலையில் வேலை பிரிக்கும் பெரட்டுக்களத்தில் கவ்வாத்து ஆட்களோடு போய் நின்றார். அவர்கள் மெல்ல விலகினார்கள்.

"கோவிச்சுக்காதீங்கண்ணே," என்றார் கங்காணி. "கத்தியோட உங்க பக்கத்துல நிக்கப் பயலுக பயப்படுறானுக." கையில் புல் சுரண்டியைக் கொடுத்தார்.

சின்னையா யாரை வெட்டினார்? யாரையும் இல்லை. கத்தியை ஒளித்து வைக்கச் சொன்னவரே அவர்தானே! தன் நோயைத் தானே அறிந்து காவல் வைத்த ஒருவரை நம்பாமல் வேறு யாரை நம்புவது? அந்த ஆட்களிடமே கேட்டுப் பார்த்தேன். "அதெல்லாம் சரிதாங்கய்யா..." என்று இழுத்தார்கள்.

திங்கட்கிழமைக்கு வருகிறேன். துரை காரில் ஏறப் போகும்போது சின்னையா முன்னால் வந்தார்.

"தொரைகளே, எனக்கும் சொகமாயிருச்சுங்க. கத்தியக் குடுக்கச் சொல்லுங்க."

துரை கங்காணியைப் பார்த்தார். கங்காணி தரையைப் பார்த்தார்.

"பாக்கலாம்" என்றார் துரை. கார் போய்விட்டது.

மறுநாள் செவ்வாய்க்கிழமை. துரை துப்பாக்கியை எடுத்துக்கொண்டு பன்றி வேட்டைக்குப் போனார். அவருக்கு முன்னால் புதரைத் தட்டிக்கொண்டு நடந்தவர்கள் — சின்னையாவின் பக்கத்தில் நிற்கப் பயந்த அதே கவ்வாத்து ஆட்கள்.